‘ஜீரோ’ என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா, நாலு மாதம் பழைய மேமோகிராம் (மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே) ரிப்போர்ட்டை நீட்டினார். “ஜீரோன்னு போட்டிருக்கு, ஒண்ணுமில்லம்மான்னு பையன் சொன்னான். தக்காளி பறிப்பு வேற இருந்துச்சு, விட்டுட்டேன்” என்றார். பையன் பேரில் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

தர்மபுரியில் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கதை புதிதல்ல. மெஷின்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. படம் கையில் கிடைத்த பிறகு நடக்கும் குழப்பம்தான் தீரவில்லை.

ரிப்போர்ட்டின் அடியில் ‘பைராட்ஸ்’ என்று போட்டு ஒரு எண் இருக்கும். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வகுத்த கணக்கு அது. 0 முதல் 6 வரை போகும். 0 என்றால் ‘இந்தப் படம் மட்டும் போதாது, இன்னும் படம் எடுக்க வேண்டும், அல்லது பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும்’ என்று பொருள். 1 வந்தால் எதுவும் தெரியவில்லை. 2 வந்தால் ஏதோ இருக்கிறது, ஆனால் தீங்கில்லாதது. 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இல்லை. வழக்கமாக ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4 ரொம்ப அகலமான வகை, நூற்றுக்கு இரண்டிலிருந்து தொண்ணூற்றைந்து வரை. அதனால்தான் அதை ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். 5 என்றால் அநேகமாகப் புற்றுநோய். 6 என்றால் பயாப்ஸியில், அதாவது சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனையில், ஏற்கெனவே உறுதியானது.

இந்த எண்ணை ‘ஸ்டேஜ்’ என்று நினைப்பவர்கள் இன்னொரு கூட்டம். பைராட்ஸ் 2 வந்த ஒருவர் “ரெண்டாம் ஸ்டேஜா?” என்று கேட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார். ஸ்டேஜ் என்பது நோய் உறுதியான பிறகு போடுகிற கணக்கு. அதற்கும் இதற்கும் தொடர்பே கிடையாது.

அடுத்த தவறு, ‘ஸ்கேன் எடுத்தாச்சு’ என்ற ஒற்றைச் சொல். எந்த ஸ்கேன்? அல்ட்ராசவுண்டில் கட்டிக்குள் இருப்பது நீரா, சதையா என்று நன்றாகத் தெரியும். அக்குள் நெறிகட்டியையும் பார்க்கலாம். ஆனால் ஆரம்பகட்டப் புற்றுநோய் சிலசமயம் கட்டியாக வராமல், உப்புத்தூள் தூவினாற்போல நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளாக மட்டும் இருக்கும். அதை நம்பிக் கண்டுபிடிக்க மேமோகிராம்தான். மேமோகிராமுக்கும் ஒரு பலவீனம் உண்டு. இளம்பெண்களின் மார்பகத்தில் கொழுப்பு குறைவு, சுரப்பித் திசு அதிகம். அந்தத் திசுவும் படத்தில் வெள்ளை, கட்டியும் வெள்ளை. பனிமூட்டத்தில் வெள்ளாட்டைத் தேடுகிற கதைதான். நம் நாட்டில் மேலைநாடுகளைவிடச் சுமார் பத்து வயது முன்னதாகவே இந்த நோய் வருவதால், இதை அலட்சியப்படுத்த முடியாது.

இங்கேதான் ‘டோமோசிந்தசிஸ்’ என்கிற 3டி மேமோகிராம் உதவுகிறது. கருவியின் தலை வளைவாக நகர்ந்து பல கோணங்களில் படம் எடுக்கும். கம்ப்யூட்டர் அதை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும். ஒன்றன்மேல் ஒன்று படிந்து மறைந்தது பிரிந்து தெரியும். அமெரிக்காவில் இதற்கு 2011இல் அனுமதி கிடைத்தது. ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது: தொட்டுப் பார்த்தால் கட்டி தட்டுப்படுகிறது, மேமோகிராம் நார்மல் என்றால் விஷயம் முடிந்துவிடவில்லை. அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் பயாப்ஸியும் பார்த்தே ஆக வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்மார் விஷயத்திலும் இதே கதை. “பால் கட்டியிருக்கு, பத்து போட்டா கரைஞ்சிடும்” என்று மாமியார் சொல்வார். பெரும்பாலும் அவர் சொல்வதே சரியாகவும் இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் கரையாத கட்டிக்கு மட்டும் பத்து போதாது. பால் கொடுக்கும்போது அல்ட்ராசவுண்டும் எடுக்கலாம், மேமோகிராமும் எடுக்கலாம்; அதற்குச் சற்று முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தால் படம் தெளிவாக வரும்.

என்னைக் கேட்டால், இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ‘முதல்ல கட்டிய எடுத்துடலாம், அப்புறம் டெஸ்ட் பண்ணிக்கலாம்.’ பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருவர் தையல் போட்ட தழும்போடு வந்தார். எங்கோ ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்திருந்தார்கள். முன்னால் மேமோகிராம் இல்லை, ஊசி டெஸ்ட் இல்லை. எடுத்த பிறகுதான் அது புற்றுநோய் என்று தெரிந்திருக்கிறது. கட்டி எவ்வளவு பெரிது, சுற்றி வேறு இடத்தில் இருந்ததா, ஓரத்தில் மிச்சம் நின்றுவிட்டதா, எதற்கும் நேரான பதில் இல்லை. தழும்பும் வீக்கமும் புதுப் படத்தையும் குழப்பின. இரண்டாவது ஆபரேஷனுக்குச் சேலம் போனார்.

சரியான வரிசை வேறு. முதலில் படம், பிறகு கோர் பயாப்ஸி, அதன் பிறகே கத்தி. மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, சேமியாத் துண்டு மாதிரி நாலைந்து சதைத் துணுக்குகள் எடுப்பார்கள். அதில்தான், கட்டி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று காட்டும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், ஹெர்2 பரிசோதனைகள் செய்து, முதலில் கீமோவா ஆபரேஷனா என்று முடிவு செய்ய முடியும். மெல்லிய ஊசியில் செல்களை மட்டும் உறிஞ்சும் எஃப்என்ஏசி இவ்வளவு விவரம் தராது. “ஊசி குத்தினா பரவிடும்” என்ற பயத்தை நான் தினமும் கேட்கிறேன். பயாப்ஸி ஊசியால் நோய் முற்றி ஆயுள் குறைவதில்லை. அந்தப் பயத்தில் தள்ளிப்போட்ட மாதங்களில்தான் கட்டி வளர்ந்தது.

கீமோவை முதலில் ஆரம்பிப்பவர்கள், கட்டிக்குள் சிறு உலோகக் கிளிப் வைத்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். மருந்தில் கட்டி முழுக்கக் கரைந்துபோனால், அந்தக் கிளிப் இல்லாமல் சர்ஜன் எந்த இடத்தை வெட்டுவார்? நல்ல செய்தியே தலைவலியாகிவிடும்.

எம்ஆர்ஐ எல்லோருக்கும் வேண்டியதில்லை. பரம்பரை ஆபத்து உள்ளவர்களுக்கும், மற்றப் படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோதும் அது கைகொடுக்கும். மாதவிலக்கு வருபவர்கள், அவசரமில்லை என்றால், மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 7 முதல் 14ஆம் நாளுக்குள் எடுப்பது நல்லது. மற்ற நாட்களில் சாதாரணத் திசுவும் மினுங்கிப் பயமுறுத்தும். வெப்பப் படம் எடுக்கும் முகாம்கள் ஊருக்குள் வருகின்றன. வலியில்லை, கதிர் இல்லை, சரி. ஆனால் மேமோகிராமுக்குப் பதிலாக அது ஆகாது.

கதிர்வீச்சுப் பயமும் அளவுக்கு மீறியது. ஒரு மேமோகிராமில் கிடைப்பது சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இரண்டு மாதத்தில் சும்மாவே நம்மேல் விழுவதும் ஏறக்குறைய அதேதான்.

மேமோகிராம் எடுக்கும் அன்றைக்கு அக்குளில் பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம். படத்தில் சுண்ணாம்புப் புள்ளிபோல விழும். தாலியைக் கழற்ற மனமில்லாவிட்டால் முதுகுப் பக்கம் தள்ளிவிடுங்கள், சண்டை வேண்டாம். அழுத்தும்போது வலிக்கும்தான், சில விநாடிகள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிபி, சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. மேமோகிராம் மெஷின் வராது, நாம்தான் போக வேண்டும். மாங்காய் சீசன் முடியட்டும் என்றால் மூன்று மாதம் போய்விடும்.

போகும்போது பழைய படங்களை எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. காவேரிப்பட்டினத்துப் பாட்டி ஒருவர் ஒரு மஞ்சப்பையில் ஃபிலிம், சிடி எல்லாவற்றையும் தேதி எழுதி வைத்திருந்தார். புதுப் படத்தில் ஒரு சின்ன உருண்டை தெரிந்தது. டாக்டர் பையைக் கொட்டி, மூன்று வருடத்துக்கு முந்தைய படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். அதே இடம், அதே அளவு, அதே வடிவம். பாட்டிக்கு அன்றைக்கு ஊசியே தேவைப்படவில்லை. பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.