உபுண்டுவிலிருந்து பைக்கோ போர்டில் ஃபர்ம்வேர் ஏற்றுவது எப்படி

காட்பாடி, குடியாத்தம் பக்கம் டிப்ளமோ படிக்கும் பிள்ளைகள் ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டை வாங்குகிறார்கள். காலேஜ் புராஜெக்டுக்கு, மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்ப்பதற்கு, கிணற்று மோட்டாரை நேரத்துக்கு நிறுத்துவதற்கு. வாங்கியபின், ஃபர்ம்வேர் (போர்டை இயக்கும் அடிப்படை புரோகிராம்) ஏற்றப்போய் போர்டு செத்துவிடுமோ என்று பயந்து வேறு யாரிடமாவது கொடுத்து ஏற்றச் சொல்கிறார்கள். அந்தப் பயம் வேண்டவே வேண்டாம். பைக்கோவில் உள்ள ஆர்பி2040 சிப்புக்குள் பூட்லோடர், அதாவது ஃபர்ம்வேரை ஏற்றிக்கொள்ளும் சின்ன புரோகிராம், மாற்றமுடியாத ரோம் மெமரியில் எழுதப்பட்டிருக்கிறது, அதை யாராலும் அழிக்க முடியாது. தப்பான ஃபைலைப் போட்டாலும் சரி, பாதியில் கரண்ட் போனாலும் சரி, மறுபடி பட்டனை அழுத்திச் செருகினால் போர்டு புதிதாக ஏற்றிக்கொள்ளத் தயாராக நிற்கும்.

முதலில் கேபிள். பல பிரச்சினைகள் இதனால்தான் வரும். சார்ஜ் மட்டும் ஆகிற மைக்ரோ யூஎஸ்பி கேபிளில் டேட்டா போகும் இரண்டு கம்பிகள் இருக்காது, அதனால் போர்டுக்குக் கரண்ட் கிடைக்கும், உபுண்டு போன்ற லினக்ஸுக்கு ஒன்றும் தெரியாது. வேலூர் சாரதி மாளிகைப் பக்கம் கேபிள் வாங்கப் போனால் டேட்டா கேபிள் என்று சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் ஃபைல். மைக்ரோபைத்தான் (போர்டில் பைத்தான் கோடை ஓட்டும் ஃபர்ம்வேர்) தளத்தில் உங்கள் போர்டின் பெயரைத் தேடி, யூஎஃப்2 என்று முடியும் ஃபைலை இறக்குங்கள். பைக்கோ, பைக்கோ டபிள்யூ, பைக்கோ 2 மூன்றுக்கும் வேறு வேறு ஃபைல். பைக்கோ டபிள்யூவில் சாதா பைக்கோ ஃபைலைப் போட்டால் ஓடத்தான் செய்யும், ஆனால் அதில் எல்இடி வைஃபை சிப்போடு சேர்ந்திருப்பதால் விளக்கு எரியாது, நீங்கள் போர்டு பழுது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஃபைலின் அளவைப் பார்த்து பைக்கோவின் 2 எம்பி ஃப்ளாஷ் மெமரியில் கொள்ளுமா என்றும் கவலைப்படாதீர்கள். யூஎஃப்2 ஃபைலில் ஒவ்வொரு 512 பைட் துண்டிலும் உண்மையான புரோகிராம் 256 பைட்தான், ஏறுவது பாதி அளவே.

இனி ஏற்றலாம். போர்டில் இருக்கும் பூட்செல் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கேபிளை லேப்டாப்பில் செருகி, பிறகு விரலை எடுங்கள். ஆர்பிஐ-ஆர்பி2 என்ற பெயரில் ஒரு பென்டிரைவ் போலத் திரையில் வரும் (பைக்கோ 2 என்றால் ஆர்பி2350 என்று வரும்). வரவில்லையென்றால் டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்துப் பாருங்கள். அதில் ராஸ்பெர்ரி பை என்ற பெயரே இல்லையா, கேபிளை மாற்றுங்கள். பெயர் இருக்கிறது, டிரைவ் மட்டும் திறக்கவில்லை என்றால் உங்கள் லினக்ஸ் தானாக மவுண்ட் செய்யவில்லை (டிரைவை இணைத்துத் திறக்கவில்லை) என்று அர்த்தம்; எல்எஸ்பிஎல்கே கட்டளையில் 128 எம்பி அளவில் தெரிவதுதான் பைக்கோ, அதை மவுண்ட் செய்துகொள்ளுங்கள். அளவைப் பார்க்காமல் வேறு டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்.

டிரைவுக்குள் யூஎஃப்2 ஃபைலைக் காப்பி செய்து போட்டால் வேலை முடிந்தது. சில நொடிகளில் டிரைவ் தானாக மறையும். சரியாக எஜெக்ட் செய்யவில்லை என்று உபுண்டு எச்சரித்தாலும் விடுங்கள், போர்டு ஃபர்ம்வேரை எழுதி முடித்து ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து தானி என்ற பைத்தான் எடிட்டரைத் திறந்து போர்டோடு பேசப் பார்த்தால், அனுமதி இல்லை என்று பலருக்கு நிற்கும். போர்டு இப்போது டிடிஒய்ஏசிஎம்0 என்ற சீரியல் போர்ட்டாக வந்திருக்கிறது, அதைத் தொட உபுண்டு, டெபியன் இரண்டிலும் நீங்கள் டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். அட்மின் உரிமை தரும் சூடோவோடு யூசர்மாட் கட்டளை கொடுத்து, ஒரு மைனஸ், ஒட்டினாற்போல் சின்ன ஏ, பெரிய ஜி, பிறகு இடம்விட்டு டயல்அவுட், கடைசியில் உங்கள் யூசர் பெயர். அந்தச் சின்ன ஏ-வை விட்டுவிடவே கூடாது. விட்டால் சூடோ உட்பட நீங்கள் இருந்த மற்ற குழுக்களிலிருந்தெல்லாம் கழன்றுவிடுவீர்கள், அதைச் சரிசெய்வதுதான் பெரிய வேலை. கட்டளை கொடுத்ததும் லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள், இல்லாவிட்டால் மாற்றம் பிடிக்காது. தானியையே சூடோவில் ஓட்டுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொன்று, புது ஃபர்ம்வேர் ஏற்றினாலும் போர்டில் சேமித்த மெயின் பைத்தான் ஃபைல் (போர்டு ஆன் ஆனதும் தானாக ஓடுவது) அழியாது. அதில் முடிவில்லாத லூப் சிக்கியிருந்தால் எத்தனை முறை ஏற்றினாலும் போர்டு பிடிவாதமாகப் பழையபடியே நிற்கும். அப்போது ராஸ்பெர்ரி பை கொடுக்கும் ஃப்ளாஷ் நியூக் என்ற யூஎஃப்2 ஃபைலை முதலில் போடுங்கள், ஃப்ளாஷ் முழுவதும் துடைக்கப்பட்டு டிரைவ் தானாகத் திரும்ப வரும், அதில் மைக்ரோபைத்தானை மறுபடி ஏற்றலாம். உங்கள் கோடும் அதோடு போய்விடும் என்பதால் லேப்டாப்பில் ஒரு பிரதி வைத்துக்கொண்டே செய்யுங்கள்.