ஓர் அமெரிக்கப் புறநகரின் மக்கள்தொகை, போக்குவரத்து வரலாற்றை ஆராயும் முறை

ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லேண்டை அடுத்துள்ள ஷேக்கர் ஹைட்ஸை எடுத்துக்கொள்வோம். முதலில், பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்: 1920இல் 1,616 ஆக இருந்த தொகை 1930இல் 17,783 ஆகப் பெருகி, 1960இல் 36,460ஐ எட்டி, 2010இல் 28,448 ஆகக் குறைந்தது.

அடுத்து, வளர்ச்சி மிக வேகமாக இருந்த பத்தாண்டில் எந்தப் பாதை திறக்கப்பட்டது என்று தேடுங்கள். இவ்வூரை உருவாக்கிய நிலவணிகர்களான வான் ஸ்வெரிங்கன் சகோதரர்கள் தங்கள் மனைகளை விற்பதற்காகவே கிளீவ்லேண்டின் மையப்பகுதிவரை கொண்டுசென்ற மின்ரயில் 1920இல் ஓடத் தொடங்கியதை அறியும்போது, குடியேற்றத்துக்கு ரயிலே வழி திறந்தது என்பது விளங்கும். என் கருத்தில், இந்த ஒப்பீடே ஆய்வின் உயிர்.

பாதையின் உரிமை கைமாறிய ஆண்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள்: 1944இல் நகராட்சி அதை வாங்கியது, 1975இல் அது வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திடம் சென்றது. கட்டப்படாத சாலைகளையும் விட்டுவிடாதீர்கள். 1960களில் ஷேக்கர் ஏரிகளின் வழியே திட்டமிடப்பட்ட விரைவுச்சாலையை ஊர்மக்கள் போராடித் தடுத்ததால்தான் அந்த நீர்நிலைகள் இன்றும் இருக்கின்றன. குடும்ப அளவில் அறிய விரும்பினால், 72 ஆண்டுகளுக்குப் பின் வெளியிடப்படும் கணக்கெடுப்புப் பதிவேடுகளைப் பாருங்கள். 1950ஆம் ஆண்டுக்குரியவை 2022இல் வெளியாயின.