ஊர் வீட்டில் வைஃபை இழுபடுதா? போக முன்னரே இந்தச் செயலியை இறக்குங்கோ

ஊருக்குப் போனால் இரவில் பிள்ளைகளோடு வீடியோவில் கதைக்காமல் இருக்க ஏலாது. விறாந்தையில் தெளிவாக இருந்த முகம் அறைக்குள் போனதும் அப்படியே நின்றுவிடும். உடனே டவுனுக்கு ஓடி பூஸ்டர் வாங்காதீர்கள். முதலில் சிக்னலை அளந்து பாருங்கள்.

அன்ட்ராய்ட் போனுக்கு ‘வைஃபை அனலைசர்’ என்று தேடினால் அதே பெயரில் பல செயலிகள் வரும். விஆர்ஈஎம் (VREM) வெளியிட்டதை எடுங்கள். திறந்த மூலச் செயலி, அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம். விளம்பரமும் இல்லை, காசும் இல்லை. லொகேஷன் அனுமதி கேட்கும். அது இல்லாமல் சுற்றியுள்ள வைஃபைகளைத் தேட அன்ட்ராய்ட் விடாது. ஐபோன்காரருக்கு ஆப்பிளின் ‘ஏர்போர்ட் யூட்டிலிட்டி’ போதும். ஆனால் அதிலுள்ள வைஃபை ஸ்கேனரை முதலில் செட்டிங்ஸில் போய் ஓன் பண்ண வேண்டும்.

செயலி காட்டும் சிக்னல் எண்கள் மைனஸில் வரும். சைபருக்குக் கிட்ட வர வர நல்லது. -50 அருமை, -67 வரை வீடியோவுக்குப் பிரச்சினையில்லை, -80 என்றால் கதை முடிந்தது.

போன முறை அம்மா வீட்டில் போனைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு அறையாக நடந்தேன். ஹோலில் -48. அம்மாவின் அறையில் -81! ரவுட்டர் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் நிலத்தில் கிடந்தது. நடுவில் பழைய தடித்த சுவர் வேறு. ரவுட்டரை அலுமாரிக்கு மேலே ஏற்றி, கதவுப் பக்கம் நகர்த்தினோம். அம்மாவின் அறையில் -64 ஆனது. அன்றிரவு அம்மா கட்டிலில் இருந்தபடியே பேரப்பிள்ளையோடு ஒரு மணித்தியாலம் கதைத்தா.

இடம் மாற்றியும் சரிவராவிட்டால் சனலை, அதாவது ரவுட்டர் பேசும் அலைப்பாதையின் எண்ணைப் பாருங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையில் ஒன்றையொன்று குழப்பாதவை 1, 6, 11 மட்டுமே. அக்கம்பக்கம் எல்லாம் 6இல் நின்றால் நீங்கள் 1க்கோ 11க்கோ மாறுங்கள். 12, 13 வேண்டாம். அமெரிக்கா, கனடாவில் வாங்கிய சில லப்டொப்களுக்கு அந்த இரண்டும் கண்ணிலேயே படாது. 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவர் தாண்டக் கஷ்டப்படும். ரவுட்டர் இருக்கும் அறைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்தச் செயலி அளப்பது ரவுட்டருக்கும் போனுக்கும் இடையிலுள்ளதை மட்டும்தான். சிம் போடும் 4ஜி ரவுட்டர் என்றால் அதற்குக் கோபுரத்துச் சிக்னலும் வேண்டும், யன்னலோரம் வைத்துப் பாருங்கள். -50 காட்டி, சனலை மாற்றியும் இழுபட்டால் பிழை பெரும்பாலும் வெளியே. அப்போது இன்டர்நெட் கொம்பனிக்குக் கோல் அடியுங்கள்.