போல்டரிங்: பாறையை மேலிருந்து படியுங்கள்

கயிறு இல்லாமல் உயரம் குறைந்த பாறைகளில் ஏறுவதுதான் போல்டரிங். அதற்குப் போனால், பாறையின் அடியில் நின்றுகொண்டு தொடக்கப் பிடியைத் தேடாதீர்கள். காலை ஏழு மணி வாக்கில் போய், பின்பக்கமாக மேலேறி, உச்சி விளிம்பில் கை எங்கே நிற்கும் என்று முதலில் தொட்டுப் பாருங்கள். அங்கிருந்து பிடி பிடியாகக் கீழே எண்ணி வாருங்கள். இரண்டு கைக்கும் பிடி, காலுக்கு ஊன்ற இடம், மூன்றும் சேர்ந்து அமையும் ஆகத் தாழ்ந்த இடம்தான் தொடக்கம்.

உச்சிப் பிடி கீழிருந்து கண்ணுக்கே படாது. ஏறிய பிறகு அதைத் தடவித் தேடும்போதுதான் விரல் தளர்கிறது. செட்டிநாட்டுப் பக்கத்துக் கருங்கல்லில் பல பிடிகள் விரல் நுனி அளவு விளிம்புகளே. சாய்வெயில் அவற்றுக்கு நிழல் போட்டுக் காட்டும், உச்சிவெயிலில் எல்லாம் ஒரே தட்டை. கல்லும் அதற்குள் சுட ஆரம்பித்துவிடும், கை வியர்த்து வழுக்கும். முன்பு ஏறியவர் கை வழுக்காமல் இருக்கப் பூசி விட்டுப்போன வெள்ளைப் பொடித் தடத்தை அப்படியே நம்பவும் வேண்டாம். அவர் கைநீளம் வேறு.

மேற்கு பார்த்த முகத்துக்கு மாலை வெயில்தான் சரி. குடைவான பாறைக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். பின்பக்கம் பத்திரமாக ஏறி இறங்க வழியில்லாத பாறைக்கு இந்த முறை ஆகாது. திருமயம் கோட்டை, சித்தன்னவாசல் போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள பாறைகளில் எந்த முறையிலும் ஏறக்கூடாது.