கரியில் தண்ணீர் தங்க வேண்டும்: பிஃபாஸுக்கு வீட்டிலேயே ஒரு வடிகட்டி

தங்கச்சியின் குழந்தைக்குப் பால்மா கரைக்கத் தொடங்கிய நாட்களில்தான் எனக்கு இந்தக் கவலை பிடித்தது. இலங்கை மலையகத்தில் எங்கள் தோட்ட லயத்தில் எல்லோரையும்போல நாங்களும் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். கொதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிருமிக்கு அது சரி. பிஃபாஸ் என்னும் இரசாயனங்கள் கொதியில் அழிவதில்லை. தண்ணீர் வற்ற வற்ற மிச்சத்தில் அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் தண்ணீர் என்றதும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. இரண்டு முறை பிழை விட்டு, மூன்றாம் முறை சரிவந்த வடிகட்டியின் செய்முறை இது.

பிஃபாஸ் என்பது ஒரு பொருளல்ல, ஆயிரக்கணக்கான பொருட்கள் கொண்ட ஒரு குடும்பம். ஒட்டாத சட்டி, மழைக்கு நனையாத ஜாக்கெட், எண்ணெய் ஊறாத உணவுத் தாள், எரிபொருள் தீயை அணைக்கும் நுரை என்று பலதிலும் இவை சேர்ந்தன. கார்பனும் ஃபுளோரினும் இறுகப் பிடித்த பிணைப்பு என்பதால் வெயிலோ மண்ணோ நுண்ணுயிரோ அதை எளிதில் உடைப்பதில்லை. இதில் அதிகம் பேசப்படுபவை இரண்டு: பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ். பிஎஃப்ஓஏ மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2023-ல் வகைப்படுத்தியது.

மலையில் இதெல்லாம் எங்கே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் கொழும்பு நகரத்தவரின் இரத்தத்தோடு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் இரத்தத்தையும் சோதித்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் இவை இருந்தன. மழைத் தண்ணீரில்கூட உலகம் முழுக்க இவை கலந்திருப்பதை ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் எழுதினார்கள். அளவோ மிக மிகச் சிறியது. பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டுக்கும் அமெரிக்கா 2024-ல் வைத்த வரம்பு லீற்றருக்குத் தலா 4 நனோகிராம். 10,000 லீற்றர் பவுசர்கள் 25,000-ஐ நிறுத்தி, அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராமைக் கரைத்தால் அந்த அளவு வரும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். வட மத்திய மாகாணத்துக் கிணறுகளில் பேசப்படும் ஃபுளோரைட் வேறு, இது வேறு. பெயர் ஒத்திருப்பதால் நான் முதலில் குழம்பினேன். கரி ஃபுளோரைட்டைப் பிடிக்காது. இரண்டாவது, கரி கிருமியையும் கொல்லாது. வயிற்றோட்டமும் செங்கமாரியும் நாளைக்கே வரும், பிஃபாஸ் பல வருடம் கழித்து. ஆகவே இந்த வடிகட்டி வந்துவிட்டது என்று கொதிக்க வைப்பதை விட்டுவிடாதீர்கள். முதலில் வடிகட்டல், அப்புறம் கொதி. வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் ஈரக் கரியிலேயே கிருமி வளரும்.

படி 1: கரி வாங்குவது

அடுப்புக் கரியும் சிரட்டை சுட்ட கரியும் இதற்கு உதவாது. செயலூட்டிய கரி என்பது 800 பாகைக்கு மேலான சூட்டில் நீராவி பாய்ச்சி, உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகளைத் திறந்துவிட்ட கரி. நல்ல சிரட்டைக் கரி ஒரு கிராமை விரித்தால் ஏறக்குறைய ஆயிரம் சதுர மீற்றர் பரப்பு வரும். அந்தத் துளைச் சுவர்களில்தான் பிஃபாஸ் போய் ஒட்டும்.

என் விருப்பத்தைக் கேட்டால் நிலக்கரியில் செய்த குருணைக் கரியைத்தான் சொல்வேன். அதில் கொஞ்சம் பெரிய துளைகளும் இருப்பதால் பிஃபாஸுக்குப் பல சோதனைகளில் அது முந்தியிருக்கிறது. ஆனால் நம் நாட்டில் கைக்கெட்டுவது சிரட்டைக் கரி, அதுவும் வேலை செய்யும். குழாய்க்குள் கரிப் படுக்கையை ஆழமாக்கி, தண்ணீரை மெதுவாக விட்டு அந்தக் குறையை ஈடுகட்டலாம். தூள் வேண்டாம், குச்சி குச்சியாக வருவதும் வேண்டாம். சல்லடை அளவு 12-க்கு 40 என்று குறித்த குருணை கேளுங்கள், கரியின் உறிஞ்சும் திறனைக் காட்டும் அயடின் எண் 1000-க்குப் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டரைக் கிலோ போதும்.

வாங்கியது உண்மையான சரக்கா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மீன் தொட்டிக்கு விடும் மெதிலீன் புளூ மருந்தில் ஒரு துளியைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கலந்து, ஒரு கைப்பிடி கரி போட்டு அடிக்கடி கலக்கிவிடுங்கள். நல்ல கரி நீலத்தை உறிஞ்சி, சில மணி நேரத்தில் தண்ணீரைத் தெளிய வைக்கும். பக்கத்தில் இன்னொரு குவளையில் அடுப்புக் கரியைப் போட்டுப் பாருங்கள், நீலம் அப்படியே நிற்கும். இது கரியின் தரத்தை மட்டும்தான் காட்டும், பிஃபாஸை அல்ல. சோதித்த கரியைக் குடிநீருக்குப் பாவிக்க வேண்டாம்.

படி 2: குழாய்

கரியை நிரப்ப, குடிநீருக்கு விற்கும் 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயில் 90 சென்ரிமீற்றர் துண்டு. கழிவு நீருக்கான மெல்லிய குழாய் மலிவுதான், வேண்டாம். அடியில் மூடி, மூடியில் அரை அங்குல நிப்பிள், அதற்கு மேல் துருப்பிடிக்காத கம்பி வலை, வலைக்கு மேல் கழுவிய பொடிக்கல் ஐந்து சென்ரிமீற்றர். பசை காய்ந்த பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விட்டு ஊற்றிவிடுங்கள்.

வலை விஷயத்தில் அப்பா கைகொடுத்தார். தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் பகுதியில் வேலை செய்தவர் என்பதால் வலை நம்பர் அவருக்கு விரலில் இருக்கும். நான் 40-ஆம் நம்பர் வாங்கி வந்தேன். கையில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "இதுல குருண நிக்கும் புள்ள, உடைஞ்ச தூள் நிக்காது. அறுபது போடு" என்றார். 60-ஆம் நம்பர் வலையின் கண் கால் மில்லிமீற்றர்தான். போட்டேன், இன்றுவரை குவளையில் ஒரு கறுப்புப் பொட்டு வரவில்லை.

படி 3: கழுவி ஊற வைப்பது

மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கரியை வாளியில் கொட்டித் தண்ணீர் விடுங்கள். கறுப்பு நீரை ஊற்றி, மறுபடி விட்டு, தெளியும்வரை செய்யுங்கள். எனக்கு ஒன்பது தடவை ஆயிற்று. அப்புறம் 24 மணி நேரம் ஊற வேண்டும். காதைப் பக்கத்தில் வைத்தால் சிறு குமிழிகள் வெடிக்கும் மெல்லிய சத்தம் கேட்கும். துளைகளில் இருக்கும் காற்று வெளியேறுகிறது. காற்று நிற்கிற துளைக்குள் தண்ணீர் நுழையாது, ஆகவே இந்த ஒரு நாளைச் சுருக்காதீர்கள். குழாயில் பாதியளவு தண்ணீர் விட்டு, ஊறிய கரியைக் கரண்டியால் அதற்குள் இறக்குங்கள். 60 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை போடுங்கள். அது ஏறக்குறைய 5 லீற்றர் கரிப் படுக்கை.

படி 4: வேகம்

இங்கேதான் நான் முதலில் சறுக்கினேன். மேலே 20 லீற்றர் வாளி, கீழே குழாய், திறந்துவிட்டதும் தண்ணீர் கொட்டியது. தெளிவாக இருந்தது, வாடையில்லை, ருசியும் நன்றாக இருந்தது. குழந்தைக்கும் அதைத்தான் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து, மிச்சமிருந்த கரியைச் சின்னப் போத்தலில் நிரப்பி அடியில் துளையிட்டு, அந்த நீலத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். மேலே ஊற்றிய நீலம் கீழே நீலமாகவே வந்தது. கரி ஒன்றும் செய்யாததுபோல! பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "தண்ணி கரி வழியா ஓடுது சரி, கரியில நிக்குதா?" துளையை அடைத்து, ஒவ்வொரு துளியாக விழும்படி மறுபடி செய்தேன். போத்தலின் பாதியில் நீலம் மங்கிக்கொண்டே வந்து, அடியில் விழுந்த துளியில் நிறமே இல்லை. அதே கரி, அதே தண்ணீர். மூன்று வாரம் குழந்தைக்கு நான் கொடுத்தது கரியைத் தொட்டுவிட்டு ஓடி வந்த தண்ணீர்தான் என்பது அன்றைக்கு விளங்கியது. இரவெல்லாம் அதே நினைப்பாகத்தான் இருந்தது.

பிஃபாஸ் குருணையின் மேல்பரப்பில் ஒட்டிவிட்டு நிற்பதில்லை. துளைக்குள் ஊர்ந்து போக அதற்கு நேரம் வேண்டும். பெரிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் கரியோடு தண்ணீர் இருக்கும் நேரத்தைப் பத்து முதல் இருபது நிமிடம் என்று கணக்கு வைக்கிறார்கள். நம் கணக்கு எளிது. படுக்கை 5 லீற்றர், பத்து நிமிடம் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு அரை லீற்றர். அதாவது ஒரு லீற்றர் போத்தல் நிறைய 2 நிமிடம். இதுதான் ஆகக் கூடிய வேகம். நான் 4 நிமிடம் வைக்கிறேன், இருபது நிமிடத் தொடர்பு கிடைக்கும். 20 லீற்றர் இறங்க ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆகும், காலையில் மலைக்குப் போகும் முன் திறந்துவிட்டால் போதும்.

வேகத்தை அடக்க வாளியின் அடியில் சின்ன வால்வ் போடுங்கள். கைப்பேசியில் நேரம் வைத்து, போத்தலை நிரப்பி அளந்து, வால்வின் பிடி நிற்கும் இடத்தில் ஆணியால் கீறிவிடுங்கள். கண் அளவு வேண்டாம், கண்ணுக்கு எல்லாமே மெதுவாகத்தான் தெரியும்.

படி 5: கரி காயக் கூடாது

எங்கள் வரிசைக்குத் தண்ணீர் காலையில் மட்டும்தான். என் இரண்டாவது பிழை இதனால் வந்தது. அடியில் நேரே குழாய் வைத்திருந்ததால் வாளி முடிந்ததும் கரியும் வடிந்து காய்ந்துவிடும். மறுநாள் தண்ணீர் வரும்போது காற்று அடைத்த இடங்களை விட்டுவிட்டு, ஒரு பக்கமாக வழி பிடித்து இறங்கிவிடும். இதற்கு வழி, அடி நிப்பிளில் மாட்டிய ஹோஸை மேலே கொண்டுபோய், கரியின் மட்டத்துக்கு ஐந்து சென்ரிமீற்றர் மேலே வளைத்து, அங்கிருந்து பாத்திரத்துக்கு இறக்குவது. அப்போது கரிக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்கும். புதுக் கரியில் முதலில் வரும் 50 லீற்றரைக் கீழே விடுங்கள் அல்லது துணி துவைக்க எடுங்கள்.

படி 6: எப்போது மாற்றுவது

கரி நிறைந்துவிட்டதை நாக்கு சொல்லாது, கண்ணும் சொல்லாது. வாசலுக்கு மீற்றர் கொண்டு வந்து எண் காட்டும் விற்பனையாளரை நம்பாதீர்கள். அவர் கையில் இருப்பது டிடிஎஸ் மீற்றர், கரைந்த உப்பை லீற்றருக்கு மில்லிகிராமில் காட்டும். பிஃபாஸோ அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது. கரி உப்பைப் பிடிக்காததால் நல்ல கரி வடிகட்டியிலும் அந்த எண் குறையாது.

இதனால் லீற்றரை எண்ணுவது ஒன்றே வழி. சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு வாளிக்கும் ஒரு கோடு போடுகிறேன். நாளுக்கு 20 லீற்றர், ஆறு மாதத்தில் 3,600 லீற்றர், அத்தோடு கரி மாற்றம். இன்னும் உழைக்கும் என்று தெரிந்தும் மாற்றிவிடுகிறேன். எங்கள் தண்ணீரில் இலை மக்கிய சாறு அதிகம், அது பிஃபாஸின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அது மட்டுமல்ல, கார்பன் சங்கிலி குட்டையான பிஃபாஸ் கரியில் சீக்கிரம் இடம் இழக்கும். நீளச் சங்கிலி வந்து அதைத் தள்ளிவிட, ஒரு கட்டத்தில் உள்ளே போவதைவிட அதிகமாகக்கூட வெளியே வரலாம். வசதி இருந்தால் இரண்டு குழாய்களை வரிசையாக வையுங்கள். முதலாவது முடிந்ததும் இரண்டாவதை முன்னுக்கு மாற்றி, புதுக் கரியைப் பின்னுக்குப் போடலாம்.

பழைய கரியை அடுப்பில் போடாதீர்கள், அந்தச் சூடு பிஃபாஸை அழிக்கப் போதாது, புகையோடு வீட்டுக்குள் வரும். மரக்கறிப் பாத்திக்கும் உரமாகப் போடாதீர்கள், ஓடையில் கொட்டவே வேண்டாம், கீழே இருக்கும் லயத்துக்காரர் அதைத்தான் குடிக்கிறார்கள். நான் உலர்த்தி இரட்டைப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுக்கிறேன்.

பின்சேர்க்கைகள்

ஹோஸ் வளைவு பற்றி: இதைப் பார்த்துச் செய்த ஒரு தம்பிக்கு வாளி முடிந்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்து, கரி முழுதும் காய்ந்துவிட்டது. வளைவு கீழே இறங்கும்போது தண்ணீரைத் தானே இழுத்துவிடும். என் வளைவின் உச்சியில் ஒரு டீ (மூன்று வாயுள்ள குழாய் இணைப்பு) இருக்கிறது, அதை எழுத மறந்திருந்தேன். டீயின் மேல்வாயைத் திறந்து விடுங்கள், காற்று புகுந்தால் இழுப்பு நின்றுவிடும். திறந்த வாயில் நுளம்பு வலைத் துண்டைக் கட்டுங்கள்.

இழை டேப் பற்றி: பொருத்துகளில் சுற்றும் வெள்ளை டேப்பும் ஃபுளோரின் சேர்ந்த பொருள்தானே என்று ஓர் அக்கா கேட்டார். ஆமாம். அது தண்ணீரில் கரையாத திண்மம், அதனால் எனக்குப் பயமில்லை. மனம் ஒப்பாவிட்டால் இரப்பர் வாஷர் வைத்த பொருத்துகளை எடுங்கள்.

கடையில் விற்கும் ஜக் வடிகட்டி பற்றி: பெட்டியில் என்எஸ்எஃப் 53 என்ற தரச் சான்று முத்திரை மட்டும் போதாது, அது ஈயம் உட்படப் பலதுக்கும் பொதுவானது. பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்று பெயர் குறித்திருக்க வேண்டும். தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் ஆர்ஓ இயந்திரம் குட்டைச் சங்கிலியையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அழுத்தமும் மின்சாரமும் வேண்டும், நிறையத் தண்ணீர் கழிவாகப் போகும். எங்கள் பீலிக்கு அது ஒத்துவராது.

மழைக்காலம் பற்றி: மே முதல் செப்டம்பர் வரை தண்ணீர் செம்மண்ணாக வரும்போது நேரே கரிக்கு விட்டால் ஒரு கிழமையில் மேல்பகுதி சேறாகி அடைத்துவிடும். வாளித் தண்ணீரை இரவு முழுக்கத் தெளிய வைத்து, மேலிருப்பதை மட்டும் நான்காக மடித்த பருத்திச் சேலைத் துணியில் வடித்து ஊற்றுங்கள். துணியைத் தினமும் துவைத்துக் காயப் போட வேண்டும்.