ஒயிட்போர்டுல கட்டம் போட்டு ஆர்க்கிடெக்ச்சர் பேசுறது எப்படி

புது சாஃப்ட்வேர் சிஸ்டம் டிசைன் பண்ண உக்காந்ததும் யூஎம்எல் டூலை (கண்டிப்பான குறியீட்டு விதிகளோட டிசைன் படம் வரையுறது) தொறக்காதீங்க, முதல் நாள் பேச்சுக்கு அது ரொம்ப பாரம். ஒயிட்போர்டு, இல்லன்னா எக்ஸ்காலிட்ரா (பிரவுசர்லயே வரையுற ஒயிட்போர்டு) போதும்.

நடுவுல ஒரே ஒரு கட்டம், அதான் உங்க சிஸ்டம். சுத்தி யார் யூஸ் பண்றாங்க, வெளிய எதோட பேசுது (பேமெண்ட் கேட்வே, எஸ்எம்எஸ்), அவ்ளோதான். அப்புறம் அந்த கட்டத்தை உள்ள பிரிங்க, வெப் ஆப், ஏபிஐ (மத்த புரோகிராம்கள் கூப்பிடுற வாசல்), டேட்டாபேஸ், க்யூ (அப்புறமா செய்யுற வேலைகளோட வரிசை)ன்னு. சிஸ்டத்தை நாலு லெவலா பெருசு பண்ணி வரையுற சைமன் பிரவுனோட சி4 மாடல்ல மொத ரெண்டு லெவலும் இதேதான், பெரும்பாலும் அதுக்கு கீழ போகவே வேணாம்.

அம்புக்குறிலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. சும்மா கோடு இழுத்தா அது டேட்டா போற திசையா, யார் யாரை கூப்பிடுறாங்கன்னு காட்டுறதா, ஒண்ணும் புரியாது, அதனால ஒவ்வொரு அம்பு மேலயும் "ஸ்டாக் இருக்கான்னு கேக்குது" மாதிரி எழுதுங்க, பதிலுக்கு காத்திருக்கும்னா விடாத முழு கோடு, க்யூல போட்டுட்டு போயிடும்னா புள்ளிக்கோடு, ஓரத்துல அதையும் குறிச்சிடுங்க. வரைஞ்சதும் ஒரு ஆர்டரை விரல் வெச்சு தொடர்ந்து போங்க, பேமெண்ட் ஃபெயில் ஆனா எங்க போகும்? அங்க அம்பே இல்லன்னா டிசைன்ல ஓட்டை. கலருக்கெல்லாம் மெனக்கெடாதீங்க, அழகா இருந்தா யாருக்கும் அழிக்க மனசு வராது.

முடிவானதை மட்டும் மெர்மெய்ட்ல (எழுத்தா எழுதினா படமா மாத்துற டூல்) எழுதி புரோகிராம் கோடோட சேர்த்து கமிட் பண்ணுங்க, கிட்ஹப் 2022லேர்ந்து அதை படமாவே காட்டுது. மத்ததெல்லாம் போட்டோ எடுத்து தேதி போட்டு வெச்சா போதும்.