கொன்சோலில் காணாமல் போன கேள்வி

"மாமா, இது ஒண்டும் கேக்குதில்லை, சும்மா நிக்குது" எண்டு அக்காவின் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொக்குவிலில் அன்று பின்னேரம் கரண்ட் வேறு இல்லை. பற்றரியில் மிச்சம் முப்பது வீதம்.

சி மொழியில் சின்னப் புரோகிராம். எத்தனை பனங்கட்டிக் குட்டான் வேணும் என்று கேட்டு, மொத்த விலையைச் சொல்ல வேண்டும். விண்டோஸில், புரோகிராம் எழுதி ஓட்டும் எக்லிப்ஸ் மென்பொருளுக்குள் ஓடவிட்டால், எழுத்துகள் வந்து விழும் கொன்சோல் பெட்டி வெள்ளையாகவே கிடந்தது. ஒரு சந்தேகத்தில் 5 என்று தட்டி என்ரர் அடித்தேன். கேள்வியும் விடையும் ஒரே வரியில் பொத்தென்று விழுந்தன!

அப்ப புரோகிராம் கேட்டுத்தான் இருக்கிறது. கறுப்புக் கட்டளைத் திரையில் ஓட்டினால் கேள்வி உடனே வருகிறது. எக்லிப்ஸின் கொன்சோலோ உண்மையான திரை அல்ல, ஒரு புரோகிராமின் எழுத்துகளை இன்னொன்றுக்குக் கடத்தும் ஒரு குழாய். குழாய்க்கு அனுப்பும்போது சி நூலகம், அதாவது சி மொழியின் ஆயத்தக் கட்டளைத் தொகுப்பு, எழுத்துகளைப் பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் சேர்த்துவைக்கும். அது நிரம்பினாலோ புரோகிராம் முடிந்தாலோதான் வெளியே விடும். கேள்விக்குப் பின்னால் புதுவரிக் குறி போட்டும் பார்த்தேன். விண்டோஸில் அந்தப் பருப்பு வேகாது.

புரோகிராம் தொடங்கும் மெயினுக்குள் முதல் வரியாக, பஃபரை மாற்றும் செட்விபஃப் (setvbuf) கட்டளையைப் போட்டு, எஸ்டிடிஅவுட் (stdout) என்ற வெளியீட்டு வழிக்குப் பஃபரே வேண்டாம் என்று சொன்னோம். கேள்வி உடனே வந்தது. எழுத்தை வெளியிடும் ஒவ்வொரு பிரின்ட்எஃபுக்கும் (printf) பின்னால், பஃபரை உடனே வெளியே தள்ளும் எஃப்ஃப்ளஷ் (fflush) போடலாம்தான், ஆனால் ஓரிடத்தில் மறந்தால் பழைய கதை.

"அப்ப பிழை என்ரை இல்லைத்தானே?"

"இல்லை, பிள்ளை. ஆனா விலையைக் கூட்டின கணக்கு பிழை. அதைப் பார்."